பறிமுதல் செய்த குறுவட்டு

ஆசிரியர்களும் பெற்றோர்களும் வந்து வாசிக்கும் இப்பக்கத்தில் வழக்கமாகப் புணர்ச்சி விதிகளையும் கட்டுரைப் பயிற்சிகளையும் எழுதி வருகிறேன். இன்றைய பொருள் சற்று வேறானது. சிங்கப்பூரைச் சேர்ந்த 'ருத்ரா' என்னும் இசைக்குழு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குருக்ஷேத்ரா' என்ற இசைத்தொகுப்பைப் பற்றி எழுதப் போகிறேன். அது 'டெத் மெட்டல்' வகையைச் சேர்ந்தது. தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். உயர்த்தட்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் உயர்த்தினேன்; அதன் விளைவைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2004ஆம் ஆண்டு. ஜொகூர் பாருவுக்கு அருகில் ஒரு கோயில் மண்டபத்தில், இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் எஸ்.பி.எம். தமிழ் இலக்கிய வகுப்பு நடத்தி வந்தேன். பதினோரு மாணவர்கள். அவர்களுள் படிவம் நான்கில் பயின்ற ஒருவன் தமிழ்ப்பள்ளியில் என் பழைய மாணவன். நன்றாக எழுதுவான். ஆனால் எப்போதும் கறுப்புச் சட்டை. அதில் முள்வேலி போல் பின்னிக் கிடக்கும், படிக்கவே முடியாத எழுத்துகள். ஒரு நாள் அவன் புத்தகப் பைக்குள்ளிருந்து இந்தக் குறுவட்டு கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பார்த்தவுடன் பறிமுதல் செய்தேன். "இது என்னவென்று தெரிந்துதான் வைத்திருக்கிறாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். "போர்க்களம், டீச்சர். மகாபாரதம்" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்து, அவன் தாயாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் இலக்கியப் பாடத்தை அவன் எடுக்கவே இல்லை.

என் அச்சத்துக்கு அன்று காரணம் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டில் நம் நாட்டில் 'பிளாக் மெட்டல்' பற்றி எழுந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கும். கெடா மாநிலத்தில் தொடங்கிப் பள்ளிகளில் மாணவர்களைச் சோதனையிட்டார்கள். நாளிதழ்களில் மண்டையோட்டுப் படங்களும் எச்சரிக்கைகளும் வந்த வண்ணம் இருந்தன. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சிக்குள் காவல் துறையினர் புகுந்து நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துச் சென்றதும், 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்களுக்குப் பிளாக் மெட்டல் ஆகாது என்று முடிவெடுத்ததும் அதன் தொடர்ச்சி. ஆசிரியர் அறைகளில் பிளாக் மெட்டலுக்கும் டெத் மெட்டலுக்கும் வேறுபாடு தெரிந்தவர் யாரும் இல்லை. கறுப்புச் சட்டை என்றால் போதும். உறுமி மேளக் குழுப் பையன்களைக் குண்டர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறோமே, அதே மனப்பான்மைதான்.

அந்தக் குறுவட்டு என் அலமாரியில், பழைய தேர்வுத் தாள்களுக்கு அடியில் பத்தொன்பது ஆண்டுகள் கிடந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளி மாறியபோது அலமாரியைக் காலி செய்தேன். அப்போதுதான் கைக்கு அகப்பட்டது. வீட்டில் குறுவட்டு போடும் கருவி ஒன்று கூட இல்லை. என் கணவரின் பழைய காரில்தான் இருந்தது. ஆக, முதன்முதலாக டெத் மெட்டலை நான் கேட்டது, வீட்டு வாசலில் நிறுத்தி வைத்த காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு!

முதல் முறை ஒன்றும் விளங்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. தலைவலிதான் மிஞ்சியது. இரண்டாம் முறை தாளக் கருவியை மட்டும் பின்தொடர்ந்தேன். மூன்றாம் முறைதான் கிதார்களின் ஓட்டத்தில் நமக்குப் பழகிய சுர வரிசையின் சாயல் தென்பட்டது. பிறகு, குரல் உறுமிக்கொண்டிருந்த இடத்தில் வடமொழிச் சுலோகம் ஒன்று எழுந்தது. கோயில் பிராகாரத்தில் கேட்டுப் பழகிய ஒன்றை இரும்புப் பட்டறைக்குள் கேட்பது போல் இருந்தது. அந்த மாணவன் என்னைக் கேலி செய்யவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். போர்க்களம், மகாபாரதம்.

டெத் மெட்டல் என்றால் என்னவென்று அறியாத பெற்றோருக்காகச் சில சொற்கள். 1980களின் நடுவில் அமெரிக்காவில் உருவான இசை வகை இது. 'பொசெஸ்ட்' குழுவின் 'செவன் சர்ச்சஸ்' 1985லும், ஃபுளோரிடாவின் 'டெத்' குழுவினது 'ஸ்க்ரீம் பிளடி கோர்' 1987லும் வந்தன. டெத் குழுவின் சக் ஷுல்டினர்தான் இவ்வகைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் என்பர். மூளைக் கட்டியால் 2001 டிசம்பரில், தமது 34ஆம் வயதில் மறைந்தார். தாம்பா நகரின் மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடமும், சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரக் குழுக்களும் இவ்விசைக்கு இரு பெரும் பாணிகளைத் தந்தன. சுருதி இறக்கிய மின்கிதார், இரு கால்களாலும் மிதிக்கும் பெருமுரசு, மூச்சு விடாமல் விரையும் தாளம், அடித்தொண்டை உறுமல், சாவைப் பற்றிய பாடல் வரிகள். 1990களின் தொடக்கம் வரை வந்த இந்த முதல் அலையைத்தான் இன்று 'ஓல்டு ஸ்கூல்' என்று அன்போடு அழைக்கிறார்கள்.

அந்த உறுமலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வெறும் கத்தல் அன்று. குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளையும் அதிரச் செய்து எழுப்பும் ஒலி. திபெத்தியத் துறவிகளின் ஆழ்ந்த ஓதலிலும் இதையொத்த முறை உண்டு. பயிற்சி இன்றிச் செய்தால் தொண்டை கெடும். முப்பத்தைந்து பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி ஆண்டுதோறும் குரல் இழக்கும் நம் ஆசிரியர்கள், இந்தப் பாடகர்களிடம் பாடம் கேட்டால் கூடத் தவறில்லை.

இனி ருத்ரா. 1992ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய குழு இது. கதிர் என்பவர் பாடகர். பாஸ் கிதாரும் அவரே. சிவா தாளக் கருவி. கிதார் வாசிப்பவர்கள் காலந்தோறும் மாறினார்கள், இவ்விருவரும் நிலைத்தார்கள். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு 1998இல் வெளிவந்தது. தங்கள் இசையை 'வேதிக் மெட்டல்' என்று தாங்களே பெயரிட்டுக் கொண்டார்கள். 2001இல் இரண்டாம் தொகுப்பு, 2003இல் குருக்ஷேத்ரா, 2005இல் தொடங்கி 'பிரம்மவித்யா' என்ற பொதுப் பெயரில் மூன்று தொகுப்புகள், 2022இல் 'எயிட் மகாவித்யாஸ்'. முப்பது ஆண்டுகள்! நம் சமூகத்தில் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த இலக்கிய இதழ்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், இக்குழுவையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கல்களையும் இணைத்து 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஜொகூர் பாலத்துக்கு அப்பால், ஒரே ஒரு கிலோமீட்டர் தொலைவில் நடந்தது இது. நம் வானொலிகளிலோ நாளிதழ்களின் ஞாயிறு மலர்களிலோ இவர்களைப் பற்றிக் கேட்டதாகவோ படித்ததாகவோ எனக்கு நினைவில்லை.

குழுவின் பெயரிலேயே ஒரு நயம் இருக்கிறது. ருத்திரன் என்ற சொல்லுக்கு ஓலமிடுபவன், முழங்குபவன் என்று பொருள் கூறும் மரபு உண்டு. யசுர் வேதத்து ஸ்ரீருத்ரத்தின் நடுவில்தான் ஐந்தெழுத்து மந்திரம் அமைந்திருக்கிறது. கழுத்தளவு நீரில் நின்று அதை ஓதியவர் உருத்திர பசுபதி நாயனார், அறுபத்துமூவருள் ஒருவர். நம் பக்கத்திலோ, வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்த்து ஒலி எழுப்பும் கருவிக்கு உறுமி என்று பெயர். தைப்பூசத்தன்று காவடிகளுக்கு முன்னால் அந்த உறுமல் கேட்டு மெய்சிலிர்ப்பவர்கள்தாம், பிள்ளையின் அறைக்குள்ளிருந்து வேறோர் உறுமல் கேட்டவுடன் கதவைத் தட்டுகிறோம்.

இந்தக் குழுவின் தொகுப்புகளுள் பிரம்மவித்யா வரிசைக்கே பெரும்பாலும் பாராட்டுக் கிடைக்கிறது. முதல் தொகுப்பை, முதலாவது என்பதற்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் வந்த குருக்ஷேத்ராவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கோ அதுதான் நெருக்கமாக இருக்கிறது. காரணம், பிந்தைய தொகுப்புகள் வேதாந்தம் பேசுகின்றன. அதை முழுமையாகப் பின்தொடரும் அளவுக்கு எனக்கு வடமொழி நூலறிவு இல்லை. போர்க்களத்தில் வில்லை நழுவவிட்டு நிற்பவனின் நிலை அப்படியன்று. யாருக்கும் புரியும். உறவினரைக் கொல்ல வேண்டிய காலையில் ஒருவன் மனத்துக்குள் கேட்கக்கூடிய ஓசை எது? வீணையா? புல்லாங்குழலா? தொலைக்காட்சித் தொடரில் பின்னணியில் இழையும் மெல்லிசையை விட, சிங்கப்பூர் இளைஞர்களின் இந்த இரும்பு ஓசையே அந்தக் களத்துக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர்த் தமிழருக்குக் குருட்சேத்திரம் எங்கோ வடக்கில் கிடக்கும் கதையும் அன்று. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குச் சந்நிதி உண்டு. அங்கே நடைபெறும் தீமிதி 1840 முதல் வருவதாகச் சொல்வர். ஆண்டுதோறும் பாரதக் கதையின் நிகழ்ச்சிகளைச் சடங்காக நடத்தி, ஐப்பசியில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து பக்தர்கள் நெருப்பில் இறங்குகிறார்கள். களப்பலியான அரவானின் தலையும் அக்கோயிலில் இருக்கிறது. ஆக, பதினெட்டு நாள் போரைத் தோல் கருவியோடும் நெருப்போடும் ஒவ்வோர் ஆண்டும் நிகழ்த்திக் காட்டும் ஊரிலிருந்துதான் இந்த இசைத்தொகுப்பு வந்தது. இவர்கள் அரவானை விட்டுக் கீதையின் பக்கம் போய்விட்டார்களே என்ற சிறு ஏக்கம் எனக்குண்டு. வெட்டிய தலையோடு போரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை விடச் சிறந்த டெத் மெட்டல் நாயகன் எங்கே கிடைப்பான்?

இப்போது பெற்றோரின் முதன்மையான அச்சத்துக்கு வருவோம். மண்டையோடு, பிணம், இரத்தம். இவை பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்காதா?

கேள்வி நியாயமானது. 2019இல் சிட்னியின் மாக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படமும் மறு கண்ணுக்குச் சாதாரணப் படமும் காட்டி, மனம் எதை முதலில் பற்றுகிறது என்று அளந்தார்கள். பொதுவாக மனித மூளை ஆபத்தைக் காட்டும் படத்தின் மேல்தான் தாவும். டெத் மெட்டல் இரசிகர்களின் மூளையும் மற்றவர்களுடையதைப் போலவே தாவியது, மரத்துப் போகவில்லை. ஒரே ஓர் ஆய்வுதான், இறுதித் தீர்ப்பு அன்று. ஆனால் ஆசிரியர் அறை வதந்தியை விட மேலானது.

அதை விட வலுவான சான்று நம் புத்தக அலமாரியிலேயே இருக்கிறது. காரைக்கால் அம்மையாரைப் பற்றி வகுப்பில் என்ன சொல்கிறோம்? மாங்கனிக் கதையைச் சொல்கிறோம். கணவன் வியந்தான், விலகினான் என்கிறோம். அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதன் பிறகு அவர் உடலின் அழகை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றதையும், கயிலைக்குத் தலையால் நடந்ததையும் வேகமாகக் கடந்து செல்கிறோம். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களையோ திறப்பதே இல்லை. அங்கே இருப்பது சுடுகாடு. எரிந்தும் எரியாத பிணங்கள், நரி, கள்ளிமரம், உடல் வற்றிய பேய்மகள், குட்டிப் பேய்கள். நடுவில் ஆடல். அதே பதிகத்தில் ஏழிசைகளின் பெயர்களையும் தாளக் கருவிகளின் பெயர்களையும் அம்மையார் வரிசையாக அடுக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். சுடலையும் இசையும் அவருக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. 'காரைக்கால் பேய்' என்று தம்மையே சொல்லிக் கொண்டவர் அவர். சைவத் திருமுறைக்குள் இடம் பெற்றவர், அறுபத்துமூவருள் அமர்ந்திருப்பவர்.

கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். போர் முடிந்த பின் களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. என்னென்ன பாத்திரம், எது அரிசி, எது உலைநீர் என்று சமையல் குறிப்புப் போல விவரிக்கிறார் புலவர். சமைத்துப் பந்தி வைத்து, பார்ப்பனப் பேய், சமணப் பேய், நோக்கப் பேய் என்று ஒவ்வொன்றையும் அழைத்து ஊற்றச் சொல்கிறார். படிக்கும்போது அருவருப்பும் வரும், சிரிப்பும் வரும். ஃபுளோரிடாவின் எந்தக் குழுவும் இதற்கு அருகில் வரவில்லை என்று துணிந்து சொல்வேன். இதை எழுதியவர் மனம் கெட்டவர் என்று நாம் சொல்வதில்லை, கவிச்சக்கரவர்த்தி என்கிறோம்.

ஓசையும் அப்படியே. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைச் சொல்கிறார். மெல்லிசை வண்ணம் இருக்கிறது. பக்கத்திலேயே வல்லிசை வண்ணமும் இருக்கிறது. உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் இருக்கின்றன. பரணியின் போர்ப் பகுதியை உரக்க வாசியுங்கள். வல்லின மெய்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி விரைவதைக் கேட்கலாம். அர்த்தம் புரியாத ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை கூட அந்த வேகத்துக்குத் தலையாட்டும், நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் இருக்க, தமிழென்றால் இனிமை என்று ஒற்றை வாய்பாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். தேன், பால், அமுது. நன்னெறி, நல்லொழுக்கம், வெற்றி வேற்கை. நான் இவற்றுக்கு எதிரியல்லள். இவற்றைக் கற்பித்தே சம்பளம் வாங்குகிறேன். ஆனால் பதினாறு வயதுப் பையனுக்குக் கோபம் வருகிறது. அவன் பாட்டி இறந்து போகிறார். சாவு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அச்சமும் இருட்டும் அவனுக்குள் இருக்கின்றன. தமிழ் வகுப்பில் அவற்றுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் இடத்துக்கு அவன் போவான். ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

என் உண்மையான குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ருத்ரா குழுவினர் தமிழர்கள். பாட்டு மொழியோ ஆங்கிலமும் வடமொழியும். அவர்களுடைய 2001ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர் 'தி ஆரியன் குருசேட்'. ஆரிய என்பது வடமொழியில் மேன்மையைக் குறிக்கும் சொல் என்பதை அறிவேன். ஆனாலும் தமிழாசிரியை ஒருத்தி அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எதுவும் தோன்றாதது போல் கடந்து செல்ல முடியாது. நானும் கடக்கவில்லை. இரண்டு நாள் அந்தத் தொகுப்பைக் கேட்காமலே வைத்திருந்தேன்.

பிறகு வேறொரு விதமாகச் சிந்தித்தேன். அவர்கள் தேடிச் சென்ற தத்துவ நூல்கள் வடமொழியில் இருக்கின்றன. அவர்களுடைய இரசிகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எந்த மொழியில் பாடுவது என்பது பாடுபவர் உரிமை. நான் கேட்க வேண்டிய கேள்வி அவர்களை நோக்கியதன்று. 1980களில் தமிழ் பயின்ற அந்த இளைஞர்களுக்கு, போரையும் சாவையும் உக்கிரத்தையும் பாடத் தமிழிலேயே ஆயிரம் ஆண்டுச் சரக்கு இருக்கிறது என்று யாராவது காட்டியிருந்தார்களா? என் வகுப்பில் நான் காட்டினேனா? 2004ஆம் ஆண்டில் மகாபாரதம் என்று சொன்ன பையனிடம், "அப்படியா? பரணி படித்திருக்கிறாயா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

மொழி எவ்வளவு மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வந்தபோது, ராப் எல்லாம் ஒரு பாட்டா என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் அது தமிழில் இருந்தது. எதுகையும் மோனையும் பிள்ளைகளின் நாவில் தாமாகவே ஏறின. சில ஆண்டுகளில் பள்ளிக் கலைநிகழ்ச்சி மேடைக்கே அது வந்துவிட்டது. இன்று அதைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. ருத்ராவின் இசைக்கு அந்த வீட்டுக்கு வரும் வழி அமையவில்லை.

வெளியுலகத்தில் இத்தகைய முயற்சிகளுக்குக் கிடைக்கும் மதிப்பையும் பாருங்கள். பிரேசிலின் 'செபுல்டுரா' 1996இல் ஷாவான்தே பழங்குடியினரோடு சேர்ந்து பதிவு செய்த 'ரூட்ஸ்' இன்றும் பேசப்படுகிறது. தில்லியின் 'பிளடிவுட்' நாட்டுப்புற மேளத்தோடு 2022இல் வெளியிட்ட 'ரக்ஷக்' உலக மேடைகளுக்கு அவர்களைக் கொண்டு சென்றது. அந்தத் தில்லிக் குழு தோன்றுவதற்கு முன்பே, பதிவு செய்ய வசதிகள் குறைந்த காலத்திலேயே, அண்டை ஊர்த் தமிழ் இளைஞர்கள் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லா டெத் மெட்டலும் நல்லது என்று நான் வாதிடவில்லை. சில குழுக்களின் அட்டைப் படங்களும், பெண்களைப் பற்றிய வரிகளும் வெறுக்கத்தக்கவை. அவற்றைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கையில் கொடுக்க மாட்டேன். காதுக்குள் கருவியைச் செருகி முழு ஒலியில் கேட்டால் செவி கெடும். அது பக்திப் பாடலுக்கும் பொருந்தும். நான் பெற்றோரிடம் கேட்பது சிறியது. பிள்ளை கேட்கும் ஒன்றைப் பறிப்பதற்கு முன், ஒரு முறையாவது அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று விளக்கச் சொல்லுங்கள். விளக்கத் தொடங்கினால், பல நேரம் நீங்கள் எதிர்பார்க்காத இடத்துக்குப் பேச்சுப் போகும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. சென்ற ஆண்டு முதல், இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான என் சனிக்கிழமை வகுப்பில் இரண்டு பாடவேளைகளைப் பரணிக்கும் மூத்த திருப்பதிகத்துக்கும் ஒதுக்கியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வுக்கும் வராது. முதல் வகுப்பில் கூழ் அடும் பகுதியை வாசித்தபோது பின்வரிசையில் ஒரு மாணவி வாயைப் பொத்திக் கொண்டாள். பக்கத்திலிருந்த பையன், "டீச்சர், இன்னொரு தடவை வாசிங்க" என்றான். வாசித்தேன்.

அந்தப் பழைய மாணவனைத் தேடிப் பிடிக்க அதிக நாள் ஆகவில்லை. சிங்கப்பூரில் வேலை, விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர்களுள் ஒருவன். இரண்டாம் ஆண்டில் பயிலும் மகள் இருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் அல்ல, தேசியப் பள்ளியில். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் ஓர் உணவுக்கடையில் சந்தித்தோம். குறுவட்டை மேசைமேல் வைத்து, "நான் செய்தது தவறு, தம்பி" என்றேன். அவன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போதே இன்னொன்று வாங்கிவிட்டேன், டீச்சர்" என்று சிரித்தான். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் கேட்டீர்களா?" என்றான். கேட்டேன் என்றேன். எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டான்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிவிட்டது. கிளம்பும்போது பரணியின் உரைநூல் ஒன்றை அவனிடம் கொடுத்தேன். மகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏதேனும் புத்தகம் இருந்தால் அடுத்த முறை கொண்டு வாருங்கள் என்றான். மூன்று புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். அவனுக்கு அடுத்த விடுமுறை ஞாயிறு எப்போது என்று செய்திக்காகக் காத்திருக்கிறேன்.